தலைநகரில் வீடு தேடுவோர் கவனத்திற்கு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்கள் வந்தால் தில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில் ஊரிலிருந்து தொலைபேசி அழைப்புகள் அதிகமாகிவிடும். "மாப்பிள்ளைக்கு டெல்லிக்கு மாற்றலாகியிருக்கிறது. பெண் ஒன்றாவது போகணும், பையனுக்கு இரண்டரை வயசு. நல்ல பள்ளிக்கூடம் பக்கத்திலே, நம்ம ஜனங்கள் இருக்கிற இடமாக, வாடகை கட்டுப்படியாகிற மாதிரி ஒரு வீடு பார்த்துச் சொல்லுங்களேன்" என்பார்கள். நல்ல பள்ளி, நம் மக்கள், குறைந்த வாடகை, அப்பாவின் அலுவலகத்துக்கு வசதி என்று நான்கு நிபந்தனைகள். இந்த நான்கும் ஒரே தெருவில் அமைவது அபூர்வம். மூன்று கிடைத்தால் பெருமாளுக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம்.

1989-ல் தில்லிக்கு வந்த நான் கரோல்பாக் பர்சாத்தியிலும், பிறகு அரசுக் குடியிருப்பிலும், கடைசியாக யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரிலுமாகக் குடித்தனம் நடத்தியவன். புதிதாக வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது என் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். நம் ஊரில் வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் தேடுவோம். தில்லியில் சிறு குழந்தை உள்ள குடும்பம் பள்ளிக்கூடத்தைத் தீர்மானித்துவிட்டுத்தான் வீடு தேட வேண்டும். காரணம், இங்கே தனியார் பள்ளிகளில் நர்சரி சேர்க்கை வீட்டு முகவரியோடு பிணைந்தது.

2006-ல் தில்லி உயர் நீதிமன்றம் அசோக் கங்குலி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மூன்று வயதுக் குழந்தையையும் பெற்றோரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கத்துக்குப் பதிலாக 100 புள்ளிக் கணக்கு வந்தது அதன் பிறகுதான். அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படித்தால் இத்தனை, பெற்றோர் அங்கே படித்தவர்களானால் இத்தனை, வீடு பக்கத்தில் இருந்தால் இத்தனை என்று புள்ளிகள். 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் வெளியிட்ட விதிகளில் அக்கம்பக்கத்தில் குடியிருப்பதற்கு மட்டும் 70 புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. 2014 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்து, புள்ளிகளைத் தீர்மானிக்கும் உரிமையைப் பள்ளிகளிடமே திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் பெரும்பாலான பள்ளிகள் இன்றும் தூரத்துக்கே அதிகப் புள்ளி கொடுக்கின்றன. ஊரிலிருந்து புதிதாக வரும் நமக்கு அங்கே படிக்கும் அண்ணனும் கிடையாது, பெற்றோரும் அங்கே படித்ததில்லை. நம் கையில் இருக்கிற ஒரே சீட்டு வீட்டின் தூரம்தான். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதும் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருப்பதும் ஒரு குழந்தையின் பள்ளிப் படிப்பையே தீர்மானித்துவிடுகிறது என்றால் அது மிகையில்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை புள்ளி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். நேர்க்கோட்டில் அளக்கும் பள்ளிகளும் உண்டு, காலனிகளின் பெயரைப் பட்டியல் போட்டு வைக்கும் பள்ளிகளும் உண்டு. முந்தைய ஆண்டின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எந்தக் காலனியில் வீடு பார்க்கலாம் என்பது விளங்கிவிடும். விண்ணப்பப் படிவத்துக்கு 25 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, விளக்கப் புத்தகத்தை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. பெற்றோர் என்ன சாப்பிடுகிறார்கள், குடிப்பவர்களா, புகைப்பவர்களா என்பதற்கெல்லாம் புள்ளி போட ஒரு காலத்தில் சில பள்ளிகள் ஆசைப்பட்டன. கல்வி இயக்ககம் அதைத் தடுத்துவிட்டது. பள்ளி கேட்கக் கூடாத அந்தக் கேள்விகளை இப்போது வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை.

காலக்கணக்கு மிக முக்கியம். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ நர்சரி விண்ணப்பம் தொடங்கும். முதல் பட்டியல் ஜனவரியில் வந்துவிடும். ஏப்ரலில் வகுப்பு. மார்ச் 31 அன்று குழந்தைக்கு மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். ஆக, மாற்றல் உத்தரவு மே மாதம் கைக்கு வந்து, ஜூனில் பெட்டி படுக்கையோடு புது தில்லி ஸ்டேஷனில் இறங்குகிறவருக்கு அந்த ஆண்டின் நர்சரி முடிந்துபோன விஷயம். தமிழ்நாட்டில் ஜூனில் பள்ளி திறக்கும் பழக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்டுத் திகைத்துப் போவார்கள். இங்கே ஏப்ரலில் தொடங்கி ஒன்றரை மாதம் பாடம் நடத்தி, மே மாத நடுவில் கோடை விடுமுறை விட்டு, ஜூலையில் மறுபடி திறப்பார்கள்.

இப்போது முகவரிச் சான்றுக்கு வருகிறேன். நம்மவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் போதாது, இருக்கிறது என்று காகிதம் பேச வேண்டும். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பெற்றோர் பெயரிலோ குழந்தை பெயரிலோ பாஸ்போர்ட், பெற்றோர் பெயரில் மின்சார, தண்ணீர் ரசீது, ஆதார் இவைதான் வழக்கமாகக் கேட்கப்படுபவை. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பல பள்ளிகள் திரும்பியும் பார்ப்பதில்லை. பதிவு செய்த ஒப்பந்தமென்றால் சில பள்ளிகள் ஏற்கின்றன.

எங்கள் பகுதிக்கு ஓர் ஆகஸ்டில் திருச்சியிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். மூன்று வயது நிறையப்போகும் ஒரே பெண். பள்ளியிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் அருமையான வீடு. வீட்டுக்காரர் பதினோரு மாத ஒப்பந்தம் மட்டும்தான் போடுவேன், பதிவெல்லாம் முடியாது என்றார். மின்சார ரசீது காலமாகிவிட்ட அவருடைய தகப்பனார் பெயரில். ஆதார் இரண்டும் ஸ்ரீரங்கம் முகவரியில். புரோக்கரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஹோ ஜாயேகா, ஸாப்." தில்லியில் இந்த 'ஆகிவிடும்' என்ற சொல்லுக்கு 'ஆகாது' என்றும் பொருள் உண்டு என்பது புதியவர்களுக்குத் தெரிய நாளாகும். டிசம்பரில் படிவம் நிரப்பும்போது கையில் ஒரு காகிதமும் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தூரத்துக்கான புள்ளி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை அந்தப் பள்ளிக்கு நடந்து போக, இவர்களுடைய குழந்தை ஏழு கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளியில் சேர்ந்தது. ஜனவரிப் பனிமூட்டத்தில் காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்துக்காகக் குழந்தையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு அந்தத் தாய் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மின்சார ரசீதுதான் நினைவுக்கு வரும்.

ஆகையால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல. ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தருவீர்களா என்பதே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்கத்தான் நாடு முழுவதும் பதினோரு மாதக் கணக்கு. ஆனால் பதினோரு மாத ஒப்பந்தத்தையும் விரும்பினால் பதிவு செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. செலவை நாமே ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னால் பத்து வீட்டுக்காரர்களில் மூன்று நான்கு பேராவது இறங்கி வருவார்கள். பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருந்தால் ஆதாரில் முகவரி மாற்றலாம். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8. இரண்டுக்கும் சில வாரங்கள் ஆகும். எனவே நவம்பருக்குள் காகிதம் தயாராக வேண்டுமானால், ஆகஸ்ட், செப்டம்பரிலாவது வீட்டில் பால் காய்ச்சியிருக்க வேண்டும்.

சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டு முகவரியில் ஒரு பொய் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். இர்ஃபான் கான் நடித்த 'ஹிந்தி மீடியம்' (2017) படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நாடகமெல்லாம் தெரிந்திருக்கும். படத்தில் சிரிக்கலாம். இங்கே பள்ளியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பதுண்டு, பொய் என்று தெரிந்தால் சேர்க்கையை ரத்து செய்வதும் உண்டு. நாலு வயதுக் குழந்தையின் பெயரை நடு வருஷத்தில் அடித்துவிட்டால் எங்கே போய் நிற்பது?

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. கேந்திரிய வித்யாலயாக்களில் மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, அதிலும் கடந்த ஏழாண்டுகளில் எத்தனை மாற்றல் என்று கணக்குப் பார்ப்பார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து மேலே காலியிடம் இருந்தால்தான். ஒரு வகுப்பில் காலியிடம் இருக்கிறதா என்பதை அந்தந்தப் பள்ளியின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். முன்பு சிலர் நாடாளுமன்ற உறுப்பினர் கடிதத்தை நம்பி வருவார்கள். அந்த ஒதுக்கீடு 2022-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

நம் பிள்ளைகள் தமிழும் படிக்க வேண்டுமென்றால் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இருக்கின்றன. 1923-ல் தொடங்கிய கழகம் இது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா ரோடு, மோதிபாக், லக்ஷ்மிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் அதன் பள்ளிகள் நீண்ட காலமாக நடந்து வருகின்றன. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், அரசு உதவி பெறுபவை, கட்டணம் தனியார் பள்ளிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. இந்தப் பெயர்களைப் பார்த்தாலே ஒன்று விளங்கும். அந்தக் காலத்து அரசு ஊழியர்கள் குடியிருந்த இடங்களையொட்டியே அமைந்த பள்ளிகள் இவை. இப்போது நம்மவர்களில் பலர் யமுனையைத் தாண்டி மயூர் விஹாருக்கும், படேல் நகரெல்லாம் விட்டுத் துவாரகைக்கும் போய்விட்டார்கள். சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து மாடிக் கட்டடங்களாக்கும் திட்டத்துக்கு 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபின் அங்கிருந்த குடும்பங்களும் சிதறிவிட்டன. ஆங்கிலப் பெயர் பலகையைப் பார்த்து மயங்காமல் இந்தப் பள்ளிகளையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பேன். ஆறாம், ஏழாம் வகுப்பில் தமிழ்நாட்டிலிருந்து ஹிந்தி எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்கு இங்கே கிடைக்கிற ஆதரவு வேறு பள்ளிகளில் சுலபமாகக் கிடைக்காது. ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கமும் மலை மந்திரும் நடந்து போகிற தூரத்தில் இருப்பது உபரி லாபம். ஆனால் அங்கே வாடகை கொஞ்சம் கடிக்கும். அரசுக் குடியிருப்பில் உள்வாடகைக்கு அறை தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு விலகிவிடுங்கள். அது விதிக்குப் புறம்பானது, முகவரிச் சான்றும் கிடைக்காது, என்றைக்கு வெளியேறச் சொல்வார்களோ தெரியாது. பக்கத்து முனிர்காவில் மலிவாகக் கிடைக்கும், கிராமமாக இருந்து நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட இடம். சந்து குறுகல், வெளிச்சம் குறைவு, சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை.

கிழக்கே மயூர் விஹார் முதல் பகுதியைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன், அங்கேயே குடியிருக்கிறேன் என்பதற்காக அல்ல! டி.டி.ஏ. கட்டிய அடுக்ககங்கள், உத்தர குருவாயூரப்பன் கோயில், சுப சித்தி விநாயகர் கோயில், மாவு அரைத்துக் கொடுக்கும் கடை எல்லாம் உண்டு. 2009-ல் நீலத் தடமும், பிறகு இளஞ்சிவப்புத் தடமும் வந்தபின் மெட்ரோவுக்குக் குறைவில்லை. பட்பர்கஞ்ச் பக்கத்துக் கூட்டுறவுச் சொசைட்டிகளில் காவலாள், தண்ணீர், குழந்தைகள் விளையாட இடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பராமரிப்புக் கட்டணம் யார் கொடுப்பது என்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதிக்குப் போனால் வாடகை இறங்கும். ஆனால் காஜிப்பூர் குப்பைமலை அந்தப் பக்கம். காற்று திரும்பும் மாலை நேரத்தில் ஒருமுறை போய் மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். எங்கும் மேல்மாடி வீட்டுக்கு வாடகை குறைவாகச் சொன்னால் காரணம் மே மாதம் தெரியும், தரைத்தளத்துக்குக் குறைவாகச் சொன்னால் ஜனவரியில் தெரியும்.

எல்லையைத் தாண்டி நொய்டா, வைஷாலி, இந்திராபுரம் என்று உத்தரப் பிரதேசத்துக்குள் போனால் அதே வாடகைக்கு ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அங்கே தில்லியின் நர்சரி விதிகள் செல்லாது. பெரிய பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தில்லி அரசின் பொறியியல் கல்லூரிகளிலும் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்திலும் 85 சதவிகித இடங்கள் தில்லி மாணவர்களுக்கு. யார் தில்லி மாணவர் என்பதை வீடு தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பள்ளி தில்லி எல்லைக்குள் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இந்திராபுரத்தில் குடியிருந்து மயூர் விஹார் பள்ளியில் படித்த பிள்ளை உள்ளே, மயூர் விஹாரில் குடியிருந்து நொய்டா பள்ளியில் படித்த பிள்ளை வெளியே. இதை அறியாமல் பதினோராம் வகுப்பில் பள்ளி மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அதோடு சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் பெயரைப் பதிவு செய்துவிடுகிறார்கள். பத்திலும் பன்னிரண்டிலும் நேராகச் சேர்ப்பது மிகவும் சிரமம். பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்துக்கொண்டிருந்தால் அப்பா மட்டும் முதலில் வந்து ஒரு வருஷம் மெஸ்ஸில் சாப்பிடுவதுதான் நல்லது.

வாடகையைத் தனியாகப் பார்த்து மலிவு என்று நினைப்பது இன்னொரு மயக்கம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகை 28,000 என்று வைத்துக்கொள்வோம். தள்ளிப் போனால் 20,000. எட்டாயிரம் மிச்சம் என்று மனசு குதிக்கும். இரண்டு குழந்தைகளுக்கு வேன் கட்டணம் தலைக்கு 3,500 என்றால் 7,000. அப்பா மெட்ரோ நிலையத்துக்கு ஆட்டோவில் போய்வர நாளொன்றுக்கு 80, மாதம் 25 நாளுக்கு 2,000. ஆகக் கூட்டினால் 29,000. மிச்சம் எங்கே போயிற்று? குழந்தைகள் வேனில் கழிக்கும் இரண்டு மணி நேரத்துக்கு நான் இதில் விலையே போடவில்லை. பள்ளிக் கட்டணத்தைக் கேட்கும்போதும் மாதக் கட்டணத்தோடு நிற்காமல் ஆண்டுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், பேருந்து எல்லாவற்றையும் எழுதி வாங்கிப் பன்னிரண்டால் வகுத்து வீட்டு வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பையிலிருந்து போகிற பணம்.

நல்ல பள்ளி எது என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளையைக் கூட்டிப் போக வரும் அம்மாக்களிடம் அரை மணி பேசினால் ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா, டியூஷன் இல்லாமல் பிள்ளைகள் தேறுகிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பாண்டவ் நகரில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் தென்காசிப் பெண் ஒருவர், மருத்துவமனையில் செவிலியர். தனியார் பள்ளி வரிசையில் நிற்காமல் பக்கத்து அரசு சர்வோதய வித்யாலயாவில் பெண்ணைச் சேர்த்தார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பெண் இன்று தில்லிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் தில்லி நமக்கு அனுகூலம். சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒன்று அல்லது இரண்டு மாதம் என்றதும் நம்ப முடியாது. புரோக்கருக்குப் பதினைந்து நாள் வாடகையிலிருந்து ஒரு மாதம் வரை போகும், பேரம் பேசலாம். 'ஸௌத் இண்டியன் ஃபேமிலி' என்றால் வீட்டுக்காரர் முகம் மலரும், சத்தம் போட மாட்டார்கள், முதல் தேதி வாடகை வந்துவிடும் என்று ஒரு நற்பெயர். அடுத்த கேள்வி "நான்-வெஜ் சமைப்பீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேண்டாமென்றால் அடுத்த வீடு. காவல் நிலையத்தில் குடித்தனக்காரர் விவரம் கொடுக்கும் படிவத்தையும் வீட்டுக்காரர் நிரப்பினாரா என்று பார்த்து ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2025 ஜூன் முதல் தேதி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரத்தில் இருந்த மதராஸி முகாம் இடிக்கப்பட்டது. பெரும்பாலும் நம் மக்கள், வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்தவர்கள். சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அந்த வீடுகளும் தில்லியின் வடக்குக் கோடியில், நரேலாவில். அம்மாவின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தெற்கே இருக்க, வீடு மட்டும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. முதல் பட்டியல், புள்ளி, பதிவு ஒப்பந்தம் என்று நாம் கவலைப்படும் அதே தூரம்தான் அவர்களுக்கும். அங்கே தெரிந்த குடும்பம் இருந்தால், பிள்ளை பழைய பள்ளிக்குப் போகிறதா, நரேலாவில் சேர்ந்துவிட்டதா, மாற்றுச் சான்றிதழ் வாங்கக் கூட ஆள் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டு, சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.